வெள்ளிமலை டிவிக்குச் சத்தம் வரவில்லை

டிவியில் வந்த ஆள் சாமைக் கொல்லையின் நடுவே நின்று இரண்டு நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

மணிமொழி ரிமோட்டை அழுத்தினாள். திரையின் அடியில் பச்சைக் கோடு நீண்டு நூறைத் தொட்டு நின்றது. அந்த ஆள் குனிந்து ஒரு கதிரைத் தடவினார், நிமிர்ந்தார், மறுபடி வாயைத் திறந்தார்.

"அந்தாளு இன்னாத்தையோ மென்னுக்கினு இருக்கறாரு மேடம்" என்றாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெருமாயி.

ஊர்க் கூடத்தில் பாயில் இருந்த முப்பது விவசாயிகளும் சிரித்தார்கள். மணிமொழிக்குக் காது மடல் சுட்டது.

"ஒரு நிமிசம்க்கா. ஒயரு லூசா இருக்கும்."

அவள் வேலை பார்க்கும் சிறுதானிய நிறுவனம் அவளைத் தற்காலிகமாக எடுத்து மூன்று மாதம் ஆகிறது. இன்றோடு அந்த மூன்று மாதம் முடிகிறது. இதுவரை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தாள். யாரோடும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை, அது அவளுக்கு வசதியாக இருந்தது. இன்றுதான் அவளுடைய முதல் பயிற்சி வகுப்பு, காலை பத்து மணிக்கு. மேலாளர் ராஜாங்கம் பன்னிரண்டரை மணிக்கு ஜீப்பில் வந்து பார்ப்பார். வகுப்பு சரியாக நடந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சங்கராபுரம் துணிக்கடையில் மறுபடி பில் போட வேண்டியதுதான். இயற்பியல் பட்டத்துக்கு அந்த ஊர் வேறெதையும் தரவில்லை.

அதனால்தான் படத்தை நம்பியிருந்தாள். படம் நாற்பது நிமிடம் பேசும். இவள் பேச வேண்டாம்.

படத்தை ஓட்டும் அலுவலக லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் செத்து ஒரு வருடம் ஆகிறது. முன்பு அதை வைத்திருந்தவர் அதில் டீ ஊற்றிவிட்டாராம். டிவிதான் கதி. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள்.

இப்போது லேப்டாப் திரை இருண்டுவிட்டது, டிவி மட்டும் எரிந்தது. கொல்லையும் இல்லை, ஆளும் இல்லை. லேப்டாப்பின் முகப்புப் படம் மட்டும் டிவியை நிறைத்து நின்றது. மாட்டுப் பொங்கலன்று மணிமொழி ஒரு கன்றுக்குட்டிக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள், நாற்பத்திரண்டு அங்குலத்தில்.

"கெடேரியா மேடம்?"

"காளங்கன்னுங்க."

"தாய் எவ்ளோ கறக்குது?"

"வேளைக்கு மூணு லிட்டருங்க" என்று டிவியைப் பார்த்துச் சொன்னாள். கழுத்தைத் திருப்பி டிவியைப் பார்த்தபடிதான் இனி மவுஸை நகர்த்த முடியும்.

சத்தம் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் பட்டியலைத் திறந்தாள். மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்றும் ஒரே மாதிரி பேசாமல் இருந்தன. கல்லூரியில் ஒலியியல் தாளில் எண்பத்தாறு வாங்கியவள் அவள்.

கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் சிவசங்கருக்கு போன் போட்டாள். கூடத்துக்குள் டவர் இல்லை. வாசல்படியில் இருந்தது, அதுவும் கடைசிப் படியில் மட்டும். வாசலுக்கும் மேசைக்கும் நான்கு முறை ஓடிய பிறகு, பின்வரிசையிலிருந்து சின்னப்பையன் எழுந்து வந்தார். பெயர்தான் சின்னப்பையன், பேரன் எடுத்தவர்.

"போனை இங்க குடுங்க. அவரு சொல்றத நான் சொல்றேன், நீங்க செய்யிங்க. ஏன் ஆடாட்டம் ஏறி எறங்கிக்கினு."

படியில் நின்று அவர் போனைக் காதில் வைத்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டிரைவரை அழிக்கணுமாம் மேடம்."

"எந்த டிரைவரை?" என்றாள் பெருமாயி கவலையோடு.

"ஆள் இல்லக்கா, அது ஒரு சாப்ட்வேர்" என்றாள் மணிமொழி. அழித்தாள்.

"அழிச்சாச்சா? இப்ப அணைச்சுப் போடணுமாம்."

அணைத்துப் போட்டாள். நீலத் திரை வந்தது. ஒரு வட்டம் சுழன்றது. புதுப்பித்தல் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான்கு சதவீதம்.

மணி பத்தே முக்கால்.

பதினொன்றேகாலுக்குப் பதினேழு சதவீதம். யாரோ வேர்க்கடலைப் பையைப் பிரித்தார்கள். பை வரிசை வரிசையாக நகர்ந்து மேசை வரை வந்தது. மணிமொழி ஒன்றை எடுத்து உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அவசரமில்ல மேடம், நாங்க இருக்கறோம்" என்றாள் பெருமாயி.

இவ்வளவு பொறுமையான மனிதர்களை மணிமொழி பார்த்ததில்லை. அந்தப் பொறுமைதான் அவளை இன்னும் வதைத்தது. ஒருவராவது எழுந்து போனால் கோபப்படலாம்.

பன்னிரண்டு மணிக்கு நூறு சதவீதம் ஆனது. டிவியில் படம் ஓடியது. லேப்டாப்பிலும் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை.

"இன்னும் வரலியான்னு கேக்கறாரு" என்றார் சின்னப்பையன் படியிலிருந்து.

"வரலைன்னு சொல்லுங்க."

"வரலியாம் தம்பி." கொஞ்சம் கேட்டுவிட்டு, "மூணு பட்டனைச் சேத்து அமுக்கணுமாம். எதெதுன்னு சொல்றாரு, கேளுங்க."

அமுக்கினாள். படம் தலைகீழாகப் புரண்டது. மண் மேலே, வானம் கீழே. அந்த ஆள் கூரையிலிருந்து வௌவால் மாதிரித் தொங்கியபடி விதைநேர்த்தி செய்தார். முப்பது தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

"பரவால்ல, இப்படியும் பாக்கலாம்" என்றது ஒரு குரல்.

மணிமொழி அதே பொத்தான்களை வேறு வேறு விதமாக அழுத்தினாள். படம் ஒரு பக்கமாகப் படுத்தது, மறுபக்கம் படுத்தது, கடைசியில் நிமிர்ந்தது. அந்த நேரத்தில்தான் வெளியே ஜீப் வந்து நின்றது.

ராஜாங்கம் உள்ளே வந்து பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். "நடத்துங்க" என்றார்.

டிவியில் ஆள் வாயசைத்தார். கூடம் அமைதியாக இருந்தது. மணிமொழி கையிலிருந்த கடலையை மேசையில் வைத்தாள். வேறு வழியே இல்லை.

"இவர் இன்னா சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் சரி செய்துகொண்டாள். "சாமையைத் தூவி விதைக்காம, வரிசையா விதைக்கச் சொல்றாரு. வரிசைக்கு வரிசை ஒரு சாண்."

"யாரு சாணு மேடம்? எங்கூட்டுக்காரரு சாணா, எஞ் சாணா?" என்றாள் பெருமாயி.

"உங்க சாணே போதும்க்கா. விதைக்கப் போறது நீங்கதானே."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. பெருமாயி விடவில்லை.

"அவரு நிக்கறது சமவெளி. எங்க கொல்லை சரிவு. கயிறு புடிச்சா கயிறு நேரா நிக்கும், நாங்க நிக்க முடியாது."

"மேலயிருந்து கீழ புடிக்காதீங்க. குறுக்கால புடிங்க. அப்பத்தான் மழைத் தண்ணியும் வரிசைக்கு வரிசை நின்னு போவும், மண்ணு அரிக்காது."

"ராவுல வந்து கொல்லைய அழிக்கற பன்னிக்கு இன்னா வழி? படத்துல ஒரு பன்னியக்கூட காட்டலியே" என்றார் சின்னப்பையன்.

பன்றியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். தெரியாததைத் தெரியாது என்றாள், கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டாள். படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கேள்வி தீர்ந்தபோது மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. மணிமொழிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ராஜாங்கம் எழுந்து வந்தார்.

"சத்தத்தை நிறுத்திட்டு நீங்களே அவங்க பேச்சுல சொன்னீங்க பாருங்க, இதை யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. நாளைக்கு ஆபீஸ் வந்து ஆர்டரை வாங்கிக்குங்க."

உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "சரிங்க சார்" என்றாள்.

ஜீப் போனது. பாயைச் சுருட்டிவிட்டு எல்லோரும் போனார்கள். மணிமொழி லேப்டாப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். பெருமாயி மட்டும் டிவியின் பின்பக்கம் கையை விட்டு, நகத்தால் எதையோ நெம்பி எடுத்தாள்.

"வரிசைக்கு வரிசை இருபத்தைந்து சென்டிமீட்டர்!" என்று அந்த ஆள் கூடமே அதிரக் கத்தினார்.

பெருமாயி சுவர் சுவிட்சைத் தட்டி அவரை நிறுத்தினாள். அவள் உள்ளங்கையில் ஒயர் அறுந்த ஹெட்போன் முனை ஒன்று இருந்தது. அதைச் செருகினால் டிவி தன் வாயை மூடிக்கொள்ளும். கல்லூரியில் அவளுக்கு மூன்றாம் பருவச் செய்முறைத் தேர்வுக்கே வந்த விஷயம்.

"அக்கா, இது எப்ப இருந்து அங்க இருக்கு?"

"காலையில சொருவினது. கிளாசு நடக்கறப்ப சொருவுவோம், முடிஞ்சதும் எடுத்துடுவோம். சாயந்திரம் நாடகம் பாக்கணுமில்லீங்களா."

"எதுக்குக்கா இப்படி?"

"படம் பேசினா, வர்றவங்க பேசறதில்லீங்க. பின்னாடி போயி செல்லு பாத்துக்கினு உக்காந்துக்கறாங்க. பன்னிக்கு நாங்க யாரைக் கேக்கறது?"

மணிமொழி லேப்டாப்பைப் பார்த்தாள். அழித்த டிரைவர், நூறு சதவீதம், தொங்கிய மனிதர் எல்லாம் வரிசையாக வந்து போயின.

பெருமாயி அந்த முனையை முந்தானையில் முடிந்துகொண்டே வாசலில் திரும்பி நின்றாள்.

"மத்தவங்கல்லாம் பத்து நிமிசத்துல படத்த வுட்டுட்டுப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. நீங்கதான் மேடம், ரெண்டரை மணி நேரம் தாக்குப் புடிச்சீங்க."