பன்னிரண்டு பேரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள்

"சார், பாத்ரூம்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது" என்றான் ஒட்டடைக்குச்சி. உயரத்தால் வந்த பெயர்.

ஒருங்கிணைப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று அறை வீட்டில் பன்னிரண்டு மாணவர்களை ஒளித்து வைத்தால் குழாய்தான் என்ன செய்யும்?

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அந்தப் பன்னிரண்டு பேரும் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்பைச் சர்வதேசத் தரத்துக்குக் கொண்டுபோயே தீருவது என்று துணைவேந்தர் ஒற்றைக்காலில் நின்றார். அதற்கு முதல் அடி இந்தக் கல்விப் பயணம். இது நல்லபடியாக முடிந்தால், பல வருடமாகத் தற்காலிகமாகவே இழுத்துக்கொண்டிருக்கும் ஒருங்கிணைப்பாளரின் வேலை நிரந்தரம். துணைவேந்தர் வாயாலேயே சொன்னது.

விசா மட்டும் வரவில்லை.

"இதோ வந்துடும் சார்" என்று இவர் சொன்னதை நம்பித் துணைவேந்தர் தேதி குறித்து, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, பேருந்துக்குக் கொடியும் அசைத்துவிட்டார். விசா இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்ற தகவல், பேருந்து பாதி வழி போன பிறகுதான் வந்தது. கொடியசைத்து அனுப்பிய பேருந்தை எந்த முகத்தோடு திருப்புவது? அது விமான நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இவர் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றது.

"யாருங்க இவங்கல்லாம்?" என்றாள் மனைவி.

"விசா வர்ற வரைக்கும் நம்ம வீடுதான் இவங்களுக்கு வெளிநாடு."

"கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு வெளிநாடு கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப வெளிநாடே வீட்டுக்கு வந்துருச்சாக்கும்" என்றவள், பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

பெண்களுக்குப் படுக்கையறை, பையன்களுக்குக் கூடம், இவருக்குச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் ஓரம். துணைவேந்தர் வீடு அடுத்த தெருவிலேயே இருந்ததால் ஜன்னலைத் திறக்கத் தடை. இவர்கள் போக வேண்டிய நாட்டுப் பேராசிரியை நல்ல மனுஷி. விஷயம் கேள்விப்பட்டு, தினமும் மத்தியானம் இணையவழியாகப் பாடம் எடுத்தார். பின்னால் கரண்டியோடு நின்று கேட்ட மனைவிதான் அந்த வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்டாள். இரண்டே நாளில் பிள்ளைகளுக்கு அவள் அக்கா ஆகிவிட்டாள்.

மூன்றாம் நாள் துணைவேந்தர் கூப்பிட்டார். "வீடியோ போடுய்யா. பசங்களைப் பார்க்கணும்."

வெளிநாடு என்றால் குளிர். இவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளைகளின் பயணப் பெட்டிகளில் இருந்த கம்பளிச் சட்டைகளை அவசர அவசரமாக எல்லோருக்கும் மாட்டிவிட்டார். புழுக்கத்தில் பன்னிரண்டு முகமும் வியர்த்து ஊற்றியது.

"என்னய்யா, எல்லாருக்கும் இப்படி வேர்க்குது?"

"ஹீட்டர் கொஞ்சம் ஜாஸ்தி சார்."

துணைவேந்தர் பூரித்துப்போனார். பூரிப்பு எல்லை மீறியதுதான் வினை. "நானே நேர்ல வந்து பார்க்கிறேன்" என்றார். மறுநாள் பத்திரிகையில் அதுவும் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் மாலை, "வந்து இறங்கிட்டேன்யா" என்று போன்.

இவர் வாயில் வந்ததைச் சொன்னார். "சார், இங்க பயங்கரப் பனி. ரோடெல்லாம் மூடிட்டாங்க. தயவுசெஞ்சு ரூமை விட்டு வெளிய வராதீங்க."

"ஆமாய்யா, ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். இங்கயும் கொட்டுது. நான் வெளிய வர்றதா இல்ல."

அப்பாடா என்று இவர் போனை வைத்தார். முன்பெஞ்சுப் பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

"சார், அங்க இப்ப கோடைக்காலம். மேடம் விசிறிக்கிட்டேதான் பாடம் எடுக்கறாங்க. ஹீட்டர்னு சொன்னப்பவே சொல்ல வந்தேன், நீங்க பேச விடல."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இல்லாத பனியை ஒரு மனிதர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார் என்றால் என்ன அர்த்தம்? எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே குத்திக்காட்டுகிறார்.

"அவ்ளோதான். நிரந்தரமும் போச்சு, தற்காலிகமும் போச்சு."

"போனா போகட்டும்" என்றாள் மனைவி. "பொய் சொல்லத் தெரியாதவங்க சொல்லக் கூடாது. உண்மையைச் சொல்லிடுங்க. காலையில சொல்லலாம், இப்ப சாப்பிடுங்க."

காலையில் பாத்ரூம் ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. பிளம்பரைக் கூப்பிடாமல் முடியவில்லை. அவர் உள்ளே கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருக்க, இவர் கூடத்தில் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்கள்.

"நாங்களும் பேசறோம் சார்" என்றாள் முன்பெஞ்சு. "தப்பு எங்க மேலயும்தான்னு சொல்றோம்."

"ஹீட்டர் ஐடியா என்னுதுன்னு சொல்லிடுங்க" என்றான் ஒட்டடைக்குச்சி.

இவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒரு வழியாகத் துணைவேந்தரின் எண்ணை அழுத்தப் போனார்.

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கொடியில் வரிசையாகத் தொங்கிய கம்பளிச் சட்டைகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இங்கயும் கம்பளிதானா? இந்தப் பக்கமே எல்லாருக்கும் என்னமோ ஆயிடுச்சு சார். நேத்து சாயங்காலம் அடுத்த தெருவுல துணைவேந்தர் வீட்டுக் குழாய் பார்க்கப் போயிருந்தேன். அவரு வீட்டம்மா, 'விசா வர்ற வரைக்கும் வெளிய தலை காட்டிடாதீங்க'ன்னு அவரைப் போட்டுத் திட்டுறாங்க. அவரு என்னடான்னா, இந்த வேக்காட்டுல கோட்டு மாட்டிக்கிட்டு, யார்கிட்டயோ போன்ல 'இங்கயும் கொட்டுது'ன்னு சொல்றாரு. எனக்கு ஒரே பயம், நான் பார்த்த குழாய்தான் திரும்பக் கொட்டுதோன்னு!"