தாய்மாமன் திறந்த வால்வு

ஒன்றும் தெரியாதவனால் ஊருக்கு ஆபத்து கிடையாது. அவன் பாட்டுக்கு ஓரமாக நிற்பான். எல்லாம் தெரிந்தவனாலும் ஆபத்து கிடையாது, அவனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. ஆபத்தெல்லாம் ஒரு வாரம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கி, கடைசி நாள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறானே, அவனால்தான். நான் அப்படி வெளியே வந்தவன்.

பசுமலையில் வீடு. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். கிராமங்களின் குடிநீர் அமைப்புகளுக்குச் சொத்து மேலாண்மைத் திட்டம் தயாரிப்பது எங்கள் வேலை. (அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லும் விளக்கம்: "ஊர் ஊராப் போயி பைப்ப எண்ணுறான்.") போர்வெல், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, வால்வு, குழாய் என்று ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்க வேண்டும். எதற்கு என்ன வயது, எது திடமாக இருக்கிறது, எது இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறது, எது போனால் ஊரே தவித்துப்போகும் என்று கணிக்க வேண்டும். எதை முதலில் மாற்றுவது, எதற்கு மாற்றுச் சாமான் வாங்கி வைப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உடைந்த பிறகு ஓடுவதை விட்டுவிட்டு உடைவதற்கு முன்னாலேயே யோசிக்கிற காரியம். உண்மையிலேயே நல்ல காரியம். நான் அதில் கை வைக்காத வரைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு ஒதுக்கிய ஊர்களில் ஒன்று என் அக்கா செல்வியைக் கட்டிக்கொடுத்த ஊர். டி. கல்லுப்பட்டியிலிருந்து உள்ளே போக வேண்டும். நான் அங்கே குழாய் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அக்கா மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மடியில் உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் நான். எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் அன்றைக்கு அவன்தான் மாப்பிள்ளை, அவன்தான் ராஜா. சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க வர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அதே வீட்டு மூத்த மருமகளின் தம்பி அதற்கு முந்தைய காதுகுத்துக்குச் செண்டை மேளம், வாணவேடிக்கை, மாலை போட்ட கிடாய்கள் என்று வந்து ஊரையே அதிரவிட்டுப் போயிருந்தான். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊர்க் கோழியெல்லாம் முட்டையிடவில்லை என்று பேச்சு. நானோ ஒப்பந்தத் தொழிலாளி.

இதில் அக்காவுக்கும் அவள் மாமியாருக்கும் பல மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, இடையில் நிற்கும் குழந்தையிடம் சொல்வார்கள். "ஒங்காத்தாட்ட உப்ப எங்க வச்சான்னு கேளுடா." "ஒங்கப்பத்தாட்ட கண்ணு முன்னாடிதான் இருக்குன்னு சொல்லுடா." அந்தப் பிள்ளைக்கு அப்போது பேச்சே வராது.

விசேஷத்துக்கு முன்பு அக்கா போன் செய்தாள்.

"நீ அவன மாதிரி அம்புட்டுக்குச் செய்ய வேணாம்டா. ஒன்னால முடியவும் முடியாது. வந்து நில்லு, மடியில வச்சுக் காது குத்து, போதும். எங்க மாமியா முன்னாடி மட்டும் என்னயத் தலகுனிய வச்சிராத."

அவள் குரல் கம்மியிருந்தது. அவளுக்காக எதையாவது செய்து அந்த ஊரை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அவள் கேட்டது சும்மா இருக்கச் சொல்லி. என் காதில் விழுந்தது வேறு.

அக்கா வீடு கடைசித் தெருவில் இருந்தது. குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். ஏன் என்று நான் ஏற்கனவே கண்டுபிடித்திருந்தேன். தொட்டிக்குக் கீழே குழிக்குள் இருக்கும் பெரிய வால்வு பாதிதான் திறந்திருந்தது. அதை முழுசாகத் திறந்துவிட்டால் கடைசித் தெருவிலும் குழாய் பீறிட்டு அடிக்கும். மேளம் என்ன, வாணவேடிக்கை என்ன, செல்வியோட தம்பி தெருவுக்கே தண்ணி கொண்டாந்தான்டா என்று ஊர் பேசும். இதைவிட என்ன சீர் வேண்டும்?

மச்சானைப் பார்த்ததும் முதல் வேலையாக, வரச்சொல்லியிருந்த தண்ணீர் லாரியை நிறுத்தச் சொன்னேன்.

"மாப்ள, இம்புட்டுக் கூட்டம் வரும். சமையலுக்குப் பிடிச்சு வச்சது போக மத்ததுக்கெல்லாம் லாரிதான்" என்றார் மச்சான். பாவம், நல்ல மனுஷன்.

"நான் எதுக்கு மச்சான் இருக்கேன்? இந்த ஊரு தண்ணியோட ஜாதகமே என் கையில இருக்கு. கூப்பிட்டு நிப்பாட்டுங்க."

நிறுத்திவிட்டார். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், பந்தல்கால் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. வெற்றிலையை வேகமாக மென்றது.

விசேஷத்தன்று விடிந்ததும் தொட்டியடிக்குப் போனேன். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தவமணி அண்ணன் வந்திருந்தார். என் கழுத்து அட்டையின் மேல் என்னைவிட நம்பிக்கை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"இந்த வால்வக் கடைசியா எப்பண்ணே திருகுனீங்க?"

"நான் வேலைக்கு வந்ததுலருந்து தொட்டதில்லங்க சார். யாரும் தொடச் சொல்லல."

திருகாமலே கிடக்கும் வால்வு இறுகிப்போகும், அதனால் அவ்வப்போது திருகிப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. ரொம்ப நாள் இறுகிக் கிடந்ததைத் திருகுவதற்கு முன்னால், போய்விட்டால் மாற்றுவதற்கு இன்னொன்று கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அதே வகுப்பில்தான். (அது சாம்பார் சாதத்துக்குப் பிறகு சொன்னது.)

நீளமான இரும்புச் சாவியை மாட்டித் திருகினேன். அசையவில்லை. தவமணி அண்ணனும் சேர்ந்து பிடித்தார். தொங்கினோம். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சாவி லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒற்றைக் கையால் சுற்றினேன். ஒரு விரலால்கூடச் சுற்றிக் காட்டினேன்.

"பாத்தீங்களாண்ணே?"

"சாருக்குக் கைராசிங்க" என்றார் அவர்.

கைராசியின் விவரம் இதுதான். வால்வுக்குள் ஒரு இரும்புத் தகடு இருக்கும். தண்டைத் திருகினால் அது மேலே ஏறித் தண்ணீருக்கு வழிவிடும். துருவேறிக் கிடந்த அந்தத் தகடு, நான் கொடுத்த முறுக்கில் தண்டை விட்டுக் கழன்று கீழே விழுந்து, பாதி திறந்திருந்த வழியையும் முழுசாக அடைத்துவிட்டது. நான் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது வெறும் தண்டை. அது பாட்டுக்குச் சுற்றும், ஆயுசுக்கும் சுற்றும்.

எனக்கு அது அப்போது தெரியாது. குளித்து, பட்டு வேட்டி கட்டி, மாலையும் போட்டுக்கொண்டு கடைசித் தெருவுக்குப் போனேன். பொம்பளைகளை எல்லாம் குழாயடிக்கு வரச்சொன்னேன். அத்தையையும் வரச்சொன்னேன். செல்போனில் படம் பிடிக்க ஒருவரை நிறுத்தினேன். (அந்தப் படம் இன்னும் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது.) குழாயின் முன்னால் நின்று, "எங்கக்காவுக்கு இந்தத் தம்பியோட சீரு" என்று சொல்லித் திறந்தேன்.

புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றது. கடைசியாக ஒரு கரப்பான் பூச்சி வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டது.

"இதுக்குத்தான் லாரிய நிப்பாட்டச் சொன்னீகளா தம்பி?"

அக்கா வாசலில் நின்றாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பட்டு வேட்டியோடு திரும்ப ஓடி வால்வுக் குழிக்குள் இறங்கினேன். சேறு முழங்கால் வரை. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் தொட்டி நிறையத் தண்ணீர். கீழே ஒரு சொட்டு இறங்க வழியில்லை. பக்கத்தில் எங்கேயும் இந்த அளவு வால்வு கிடையாது. கிடைத்தாலும் மாட்ட ஒரு பொழுது ஆகும். லாரிக்காரரைக் கூப்பிட்டால் வேறு விசேஷத்துக்குப் போய்விட்டார்.

இதற்குள் பந்தலில் முதல் பந்தி கறிச்சோறு சாப்பிட்டு முடிக்கும் கட்டம். மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, ஆளுக எந்திரிக்கப் போறாக. கை கழுவத் தண்ணி இல்ல."

"எந்திரிக்க விடாதீங்க மச்சான். இன்னொருவாட்டி சோத்தப் போடுங்க."

போட்டார்கள். மறுசோறு, மறு மறுசோறு. எழுந்தவர்களைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்து எலும்புக் குழம்பை ஊற்றினார்கள். இப்படி ஒரு உபசரிப்பை எந்தச் சீமையிலும் பார்த்ததில்லை என்று சிலர் நெகிழ்ந்துபோனதாகக் கேள்வி. கடைசியில் தாங்காமல் எழுந்தவர்கள் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை முடித்தார்கள். அதற்குப் பிறகு கலர் சோடா பாட்டில்களை உடைத்து அதில் கை கழுவினார்கள். மொய் எழுதிவிட்டு விடைபெற்றுக் கும்பிட்டவர்களுக்குச் சேர்த்த கை சர்க்கரைப் பிசுக்கில் பிரியவில்லை.

அந்தப் பக்கம், தாய்மாமன் வரவில்லை, நல்ல நேரம் போகிறது என்று எங்கள் அம்மாவின் அண்ணன் பெரிய மாமா மடியில் வைத்தே மொட்டையைத் தொடங்கியிருக்கிறார்கள். கிண்ணத்துத் தண்ணீர் பாதித் தலையோடு தீர்ந்துவிட்டது. என் மருமகனுக்கு ஒரு பக்கம் வழுக்கை, ஒரு பக்கம் காடு.

அந்தக் கோலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா தொட்டியடிக்கு வந்தாள். பின்னாலேயே அத்தை. நான் குழிக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைகுனிய வைக்காதே என்று ஒன்றே ஒன்று கேட்டவளின் தலையைத்தான் ஊர் நடுவில் குனிய வைத்திருக்கிறேன்.

"கூறுகெட்ட பயலே, ஒன்னயச் சும்மா வந்து நில்லுன்னுதானடா சொன்னேன்" என்றாள் அக்கா.

"சும்மா நிக்கிறவனா இவன்? மொகரையப் பாத்தாலே தெரியலயா" என்றது அத்தை.

"சின்னதுலருந்தே இப்பிடித்தான் அத்தே. ஓடுற ரேடியோவக் கழட்டுவான், மாட்டத் தெரியாது."

"இவன எப்பிடித்தான் வச்சு வளத்தீகளோ ஆத்தா. ஒங்கம்மா பாவம்."

"ஏன் அத்தே கேக்குறீக."

குழிக்குள் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் பிள்ளை இருந்தது. ஆனால் இரண்டு பேரும் அதனிடம் சொல்லாமல் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை. திட்டுவதற்கு அவ்வளவு இருந்தது. ஒருத்தி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி தொடர்ந்தாள்.

அக்காதான் முதலில் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள். "அத்தே, மோட்டாரப் போட்டு விட்டா தொட்டி நெறஞ்சு அந்த மேல் கொழா வழியா வழியுமில்ல?"

"வழியும். போன தைல ராத்திரி பூரா வழிஞ்சு ரோடே நனஞ்சுச்சே" என்ற அத்தை தவமணி அண்ணனைப் பார்த்தது. "மோட்டாரப் போடுய்யா. நான் போயி ஆளுகள இங்கிட்டுக் கூட்டியாரேன். நீ புள்ளைய நனைச்சு வையி ஆத்தா."

மோட்டார் ஓடியது, தொட்டித் தண்ணீர் விளிம்பு வரை ஏறியது. வழிகுழாயிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. சற்று நேரத்தில் தெருமுனையில் மேளச் சத்தம். அத்தை முன்னால் வர, எண்ணெய்க் கையைத் தூக்கிப் பிடித்தபடி விசேஷ வீட்டுக் கூட்டம் மொத்தமும் பின்னால் வந்தது. என் சீருக்கு வராத ஊர்வலம், கை கழுவ வந்தது. வரிசையில் நின்று கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள். சில பெரியவர்கள் வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று குளித்தே விட்டார்கள்.

"தாய்மாமன் எங்கப்பா?" என்று காது குத்த வந்த ஆசாரி கேட்டார்.

"குழிக்குள்ள" என்றார்கள் எல்லோரும்.

இழுத்து வெளியே போட்டார்கள். மேலெல்லாம் சேற்றோடு தொட்டிக்கடியில் என்னை உட்காரவைத்து, மருமகனை மடியில் வைத்து, மீதி மொட்டையையும் முடித்துக் காது குத்தினார்கள். மேலேயிருந்து தண்ணீர் எங்கள் இரண்டு பேர் மேலும் தெறித்துக்கொண்டிருந்தது. அவன் அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஊருக்கான திட்டத்தை நான்தான் எழுதினேன். முதல் வரியிலேயே, பிரதான வால்வு உடைந்த நிலையில் உள்ளது, உடனே மாற்ற வேண்டும், உபரியாக இன்னொன்றும் வைத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். யார் உடைத்தது என்று எழுத அதில் இடம் விடவில்லை. புது வால்வு வந்துவிட்டது. கடைசித் தெருவிலும் இப்போது தண்ணீர் அடித்து ஊற்றுகிறது.

அக்காவும் அத்தையும் அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தவே இல்லை என்று சொல்ல முடியாது. நிறுத்துவார்கள். அப்போதெல்லாம் மச்சானிடமிருந்து எனக்குப் போன் வரும். "மாப்ள, ரெண்டு பேருக்கும் மறுபடி முட்டிக்கிச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போ." நான் பஸ் ஏறிப் போவேன். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாசலில் என் தலையைக் கண்டதும் மாமியாரும் மருமகளும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து, தோளோடு தோள் ஒட்டிக் குழாயை மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.