பாகாலாவில் ஒரு துயரச் சொத்து

பிறர் துயரத்தில் பங்கெடுப்பவனை உலகம் உத்தமன் என்கிறது. அதே பங்கை முப்பது சதவீதத் தள்ளுபடியில் எடுத்துக்கொள்பவனை 'நெடுங்கால முதலீட்டாளர்' என்கிறது. இந்த இரண்டாம் வகை மகான்களின் வரிசையில் சேரும் பொருட்டு, திருத்தணித் தனசேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆந்திராவில் இருக்கும் பாகாலாவுக்குப் போய், அங்கே ஒரு வீட்டுச் சுவரை உடைத்துவிட்டார்.

உடைக்க வேண்டும் என்று உடைக்கவில்லை. தட்டத்தான் தட்டினார். "சுவரத் தட்டிப் பாருங்க, சொத்து பேசும்" என்று அஷ்வின் சார் வகுப்பில் சொல்லியிருந்தார். சொத்து பேசவில்லை. இரண்டு முழத்துக்குப் பூச்சு பெயர்ந்து தனசேகரின் கால்மேல் விழுந்தது.

அஷ்வின் சார் யார் என்று கேட்பவர்கள் திருப்பதிக்கே புதியவர்கள். ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் 'துயரச் சொத்தின் வழியே தலைமுறைச் செல்வம்' என்ற ஒருநாள் தவத்தை, மதியச் சாப்பாட்டுடன் நடத்தித் தருபவர். "சாவு, விவாகரத்து, அண்ணன் தம்பி சண்டை. எங்க கண்ணீரோ, அங்க கழிவு" என்பது அவருடைய மூலமந்திரம். கழிவு என்றால் தள்ளுபடி. வேறு அர்த்தம் எதுவும் அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்துகொண்டு, திருச்சானூரில் ஜன்னல் இல்லாத அறையில் வாடகைக்கு இருக்கும் தனசேகருக்கோ, அந்த மந்திரம் நேராக நெஞ்சில் இறங்கியது.

பாகாலா வீடு எல்லா லட்சணமும் பொருந்தியது. முன்கட்டில் மாவு மில். மில்காரர் போன தையில் போய்ச் சேர்ந்தார். மனைவி கோவிந்தம்மாள் தனியாக மில்லை ஓட்டுகிறாள். சுவரில் நீலப் பெயிண்டில் தெலுங்கு. அதன் கடைசி இரண்டு எழுத்துகள்தான் இப்போது தனசேகரின் செருப்பின்மேல் பொடியாகக் கிடந்தன.

முழங்கைவரை மிளகாய்ச் சிவப்போடு கோவிந்தம்மாள் வெளியே வந்தாள்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீற?"

"தட்டினேன்க்கா."

"கதவு அந்தாண்ட கீது."

தனசேகர் அடிப்படையில் இளகிய மனிதர். உடனே கடைக்குப் போய்ச் சிமெண்டும் நீலப் பெயிண்டும் வாங்கி வந்தார்.

"பூசி, எழுத்தையும் நானே எழுதிடறேன்க்கா."

"தெலுகு வருமா உனுக்கு? எனுக்குப் படிக்க வராது. எங்க பொண்ணு பவ்யாதான் எழுதிச்சி. சித்தூர்ல நர்சிங் படிக்குது."

"சரளமா வரும்."

அவருடைய தெலுங்கு, பஸ் போர்டுகளிலும் மனைப் பலகைகளிலும் முறைப்படி பயின்றது. சுவரில் மிஞ்சியிருந்ததைக் கூட்டிப் படித்தார். 'ஈ இல்லு அம்மப...' அவருக்கு உடம்பு சிலிர்த்தது. திருப்பதி-சித்தூர் சாலையில் இரண்டு மனைக்கு ஒரு மனையில் நிற்கும் வாசகம் அல்லவா இது? முதன்முதலில் அதைப் படித்தபோது, ஊரெங்கும் யாரோ ஓர் அம்மாவைப் 'படு' என்று அதட்டுகிறார்கள் என்று வருந்தியவர்தான். பிறகு அர்த்தம் தெரிந்துகொண்டார். 'ஈ இல்லு': இந்த வீடு. 'அம்மபடுனு': விற்கப்படும். மிச்சமிருந்த 'டுனு'வை முத்து முத்தாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

விலை பேசுமுன் துயரத்தின் வேரைக் கண்டுபிடி என்பது சார் கட்டளை. அடுத்த வாரம் தனசேகர் ஒரு பை மிளகாயோடு போனார்.

"இந்த வீட்டுக்கு இன்னாக்கா கஷ்டம்?"

மில் அலறியது. "மொளகாயா, மல்லியா?" என்றாள் கோவிந்தம்மாள்.

அதற்கடுத்த வாரம் மறுபடி கேட்டார்.

"நைசா வோணுமா, கொரகொரன்னு வோணுமா?"

இப்படியாகத் திருச்சானூர் அறையில் மிளகாய்த்தூள் சேர்ந்தது. பக்கத்து அறைக்காரர்கள் தும்மினார்கள். நெடுங்காலச் செல்வம் என்று அவரிடம் அப்போது இருந்தது அது ஒன்றுதான்.

இதற்கிடையில் சுவரைப் படித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். புரோக்கர்கள் வந்தார்கள். வகுப்புத் தோழர்கள் டேப்போடு வந்து வாசலை அளந்தார்கள். கடைசியில் அஷ்வின் சாரே கூலிங் கிளாஸோடு எழுந்தருளிச் சுவரைத் தட்டினார். சுவர் இம்முறை அசையவில்லை, தனசேகரின் சிமெண்ட்.

"விக்கலன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று கோவிந்தம்மாள் கத்தினாள்.

"பாத்தீங்களா" என்றார் சார், சிஷ்யர்கள் பக்கம் திரும்பி. "இதுதான் துயரத்தோட குரல்."

கோவிந்தம்மாள் கடையைக் கட்டிக்கொண்டு சாந்திபுரத்துத் தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று ஊர் முடிவு செய்தது. அரைக்க வந்தவர்கள் தங்கள் மிளகாயை ஸ்டேஷன் பக்கத்து மில்லுக்குத் திருப்பினார்கள். தராசில் தூசி படிந்தது. அவள் முகம் வாடிவிட்டது. தனசேகர் இவற்றைக் கவனித்து, 'சொத்து கனிந்துவருகிறது' என்று சாருக்குத் தகவல் அனுப்பினார். விரலென்னவோ அனுப்பத் தயங்கியது. பாழாய்ப்போன இளகிய மனசு.

அந்த ஞாயிறு பவ்யா ஊருக்கு வந்தாள். வாசலில் நின்ற பைக்குகளையும் கூலிங் கிளாஸையும் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"யம்மா, யாரு இத மாத்தினது? 'அம்மபடது'ன்னுதான நான் எழுதினேன்? இந்த வீடு விக்கிறதுக்கு இல்லன்னு. இப்ப விக்கறதுக்குன்னு கீது."

கோவிந்தம்மாளின் சிவந்த விரல், ஒரு பை மிளகாயோடு நின்ற தனசேகரை நோக்கி நீண்டது.

"ரெண்டெழுத்துப் பிழைதானே" என்றார் அஷ்வின் சார் பெருந்தன்மையாக. "வெலையப் பேசுவோம்."

தனசேகர் ஓரடி முன்னால் வந்தார். "நானே திருத்திடறேன்மா" என்று முனகினார். பவ்யா உள்ளே போய்ப் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துவந்தாள். அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டாள். கோவிந்தம்மாள் மில்லுக்குள் போனாள்; தனசேகரும் மிளகாய்ப் பையோடு பின்னால் போனார். சார் சொல்லிக்கொடுத்த கேள்விதான். ஆனால் இந்த முறை அவருக்கே பதில் தெரிய வேண்டியிருந்தது.

"அக்கா, அப்போ இந்த வீட்டுக்கு இன்னாதான்க்கா கஷ்டம்?"

மில் அலறியது. கோவிந்தம்மாள் வாயைத் திறந்தாள். கரண்டு போயிற்று. தெருவே கேட்கிற மாதிரி ஓர் அமைதி.

"வீட்டுக்கு ஒரு கஷ்டமும் கெடையாது நைனா" என்றாள். "காரியம் முடிஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சி, இன்னா கஷ்டம் இன்னா கஷ்டம்னு கேட்டுக்கினு வரிசையா வந்து நிக்கிறீங்களே, நீங்கதான் கஷ்டம்."