சம்மதம் கேட்கப் போன தையல்காரன்

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய அக்கா அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே நான், என் மனைவி, உங்கள் மருமகள், தையல் மெஷின்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மகளின் கல்யாணத்துக்கு வர முடியாமல் நீங்கள் அனுப்பிய வாழ்த்து கிடைத்தது. கல்யாணம்தான் நடக்கவில்லை. பதற வேண்டாம். முதலில் உங்களுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான். தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்க வந்த ரிட்டையர்டு அரபி டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். கடைக்கு மேலே உள்ள ஹாலில் தெருப் பெண்களையெல்லாம் கூட்டி, குர்ஆனை அர்த்தத்தோடு படிப்போம் என்று ஆரம்பித்தீர்கள். நல்ல காரியம்தானே என்று நானே டீ வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் போன பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை அக்கா. மேலே ஒரு கேள்வி கிளம்பினால் கீழே தைக்கும் எனக்குச் சட்டைப் பொத்தானுக்கான காஜா கோணிக்கொண்டு போகும்.

நிக்காஹ் அன்று ஹால் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் வாப்பாதான் எனக்குத் துணி கொடுக்கும் ஜவுளிக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும், நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்ததும் தெரியும். பெண்ணிடம் சம்மதம் கேட்டு வரச் சொன்னார் இமாம். சாட்சிக்குக் கட்டிங் மாஸ்டரையும் இஸ்திரிக்காரரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். "சம்மதமாம்மா?" என்றேன். அவள் பேசவில்லை. கூச்சம், பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே வழக்கம், சரி என்று திரும்பினேன். "நில்லுங்க" என்றாள் என் மனைவி. "கேட்டீங்கல்ல? பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். அவ கூச்சப்படல, யோசிக்கிறா."

நின்றேன். மகள் நிமிர்ந்து, "வாப்பா, அவர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க. நான் ஒரு நாள் 'களைப்பா இருக்கு, இன்னிக்கு வேணாம்'னு சொன்னா அவர் விட்டுடுவாரா?" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கட்டிங் மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். இஸ்திரிக்காரர் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தார்.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை காதருகே குனிந்தேன், ஜவுளிக்காரர் நடுவில் தலையை நீட்டி, "என்கிட்ட சொல்லுங்க" என்றார். மென்று முழுங்கிச் சொன்னேன். "எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குக் களைப்பெல்லாம் வராது" என்றார். மாப்பிள்ளை தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "புருஷன் கூப்பிட்டா வரணும், குர்ஆன்லயே இருக்கு" என்றார் அடுத்து. இமாம் அமைதியாக, "எந்த இடத்துல?" என்று கேட்டார். "அது நீங்கதான் சொல்லணும்" என்றார் இவர். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி: "குர்ஆன்ல மனைவிமார் உங்களுக்கு ஆடை, நீங்க அவங்களுக்கு ஆடைன்னு ரெண்டு பக்கமும்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் தையல்காரர், அவரே இத்தனை வருஷமா எனக்கு ஒரு பக்கத்தைத்தான் சொன்னார்!" சபை சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய?

மறுபடி உள்ளே போனேன். மகளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "வேணாம் வாப்பா" என்றாள். வெளியே வாக்கு, விருந்து, ஜவுளிக்காரர், ஊர். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது உங்கள் கல்யாணம் ஞாபகம் வந்தது. நம் வாப்பா உங்கள் அறைக்குள் போன வேகத்திலேயே திரும்பி வந்து "சம்மதம்" என்றார். வாசலில் நின்ற எனக்கு உங்கள் குரல் கேட்கவே இல்லை. நான் வெளியே வந்து, "என் மகளுக்குச் சம்மதம் இல்லை" என்றேன். "அப்ப நிக்காஹ் இல்லை, அவ்வளவுதான்" என்று இமாம் எழுந்தார். ஜவுளிக்காரர் போட்ட சத்தத்தை எழுதினால் தாள் போதாது. மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளை வேண்டாத இடத்தில் தள்ளிவிட இருந்தேன், நீங்கள் காப்பாற்றினீர்கள். இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீங்கள் தனியாக இருந்தது போதும், இனிமேல் எங்களோடுதான் இருக்கப்போகிறீர்கள். படி ஏற வேண்டாம் என்று கடைக்குப் பின்னால் உள்ள அறையை ஒழித்து வெள்ளையடித்தாயிற்று. நீங்கள் காலி செய்வதாக உங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வண்டி வரும், பெட்டியைக் கட்டி வையுங்கள். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல முழங்காலையும் தருவானாக.

என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "அத்தைகிட்ட கேட்டீங்களா வாப்பா?" என்றாள். ஆகவே மேலே எழுதியுள்ள அறை, வண்டி, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துப் படிக்கவும். வீட்டின் சொந்தக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அக்கா, எங்களோடு வந்து இருக்க உங்களுக்கு இஷ்டமா? நிதானமாக யோசித்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.