கீரி வீட்டு வாளியில் ஈ இல்லை

ஒரு காட்டில், நகராட்சி வந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, செங்கமலம் என்றொரு கீரி புற்றுத்தெருவில் குடியிருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். போன மழைக்காலத்தில் குப்பை வாளியில் மொய்த்த ஈக்கள் சோற்றிலும் போய் உட்கார, குட்டிகள் இரண்டும் வயிற்றுப்போக்கில் துவண்டு ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தன. பிழைத்ததே பெரிய காரியம். இனி நம் வாளியில் ஓர் ஈ உட்காரக் கூடாது என்று கீரி அன்றைக்கே முடிவு கட்டியது.

முடிவு கட்டியபடி நடந்தும் காட்டியது. மிச்சச் சோற்றைத் தண்ணீர் வடித்த பிறகே வாளியில் போட்டது. முட்டை ஓட்டையும் பாம்புத் தோலையும் செய்தித்தாளில் சுருட்டிக் கட்டியது. அடியில் தாள் விரித்து ஆப்ப சோடா தூவியது. வாரம் ஒருமுறை வேப்பிலைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உச்சி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தது. விருந்துக்கு வந்த உடும்பு ஒன்று அதைக் குடிதண்ணீர் வாளி என்று நினைத்து டம்ளரோடு போய் நின்றதாகத் தெருவில் பேச்சு.

அடுத்த வீட்டில் வேலப்பன் என்ற காட்டுப்பன்றி. அதன் வாளிக்கு மூடியே கிடையாது. மூடி இருந்தால் திறக்க வேண்டும், திறந்தால் மறுபடி மூட வேண்டும், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டது. அந்த வாளிப் புழுக்கள் சாயங்காலமானால் வாசல்வரை உலாவப் போய்விட்டுத் திரும்பும்.

இப்படி இருக்கையில் நகராட்சி ஒரு புது ஏற்பாடு செய்தது. குப்பை வண்டி இனி எல்லா வீட்டுக்கும் போகாது, தேவை உள்ள வீட்டுக்கு மட்டுமே போகும். தேவையைத் தெரிந்துகொள்ளச் செல்போனில் ஒரு படிவம். கேள்வி இரண்டுதான். வாளியில் எத்தனை ஈ? நாற்றம் எத்தனை வீடுவரை வீசுகிறது? பொய் சொல்லி வழக்கமில்லாத கீரி இரண்டுக்கும் பூஜ்யம் போட்டது. உங்கள் வீட்டில் குப்பை இல்லை, வாழ்த்துகள் என்று பதில் வந்தது.

வண்டி இழுக்கும் எருமை தினமும் இரண்டு தடவை பன்றி வீட்டுக்கு வந்து போனது. கீரி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பட்டியலில் பேர் இல்லையே என்று வருத்தப்பட்டுவிட்டு நடந்தது. அடுத்த வீட்டு வாளியில் போட்டால் அபராதம் என்று படிவத்தின் அடியிலேயே எழுதியிருந்தது. எட்டு நாளில் வாளி நிறைந்தது. கட்டிய பொட்டலங்கள் சமையலறை மூலையில் ஏறி, பிறகு குட்டிகள் படுக்கும் இடத்துக்கும் வந்தன.

கீரி அலுவலகத்துக்குப் போய், பதினாறு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. சுகாதார ஆய்வாளர் ஓர் ஓணான். கீரி சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டியது. காரியம் முடிந்தது என்று கீரி வீட்டுக்கு வந்து நாலு நாள் காத்திருந்தது. வண்டி வரவில்லை. மறுபடி போனபோதுதான், ஓணான் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் ஆட்டுகிறது, அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று வாசலில் நின்ற ஆமை விளக்கியது.

இருந்தாலும் ஓணான் ஒருநாள் நேரில் வந்தது. பொட்டலங்களை மோந்து பார்த்தது. நாக்கை நீட்டிக் காற்றில் துழாவியது. ஈ எதுவும் அகப்படாததில் அதற்குச் சொந்த வருத்தமும் உண்டு.

"குப்பை எங்கேம்மா?"

"இதுதான் சார். பதினஞ்சு நாள் குப்பை. நீங்க சாஞ்சு நிக்கிறதே அதுமேலதான்."

"நாறலையே. நாறாததைக் குப்பைன்னு எழுதிக் குடுத்தா என் வேலை போயிரும். இதுக்குப் பேரு சேமிப்பு."

அனுமதி இல்லாமல் சேமித்ததற்கு விளக்கம் கேட்டு இன்னொரு படிவத்தையும் கொடுத்துவிட்டுப் போனது.

பொட்டலங்களுக்கு நடுவே இடமில்லாமல் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று தூங்குவதைக் கீரி பார்த்தது. நேரே போய்ப் பன்றி வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததை எல்லாம் சொன்னது. பன்றி சிரிக்கவில்லை.

"நீ குப்பையைப் பாத்துக்கிட்டே, தங்கச்சி. நான் நகராட்சியைப் பாத்துக்கிட்டேன். வேற வித்தியாசம் இல்ல."

மூன்று நாள் ஆன மத்தி மீன் தலைகள் கொஞ்சத்தை இலையில் வைத்துக் கொடுத்தது.

கீரி குட்டிகளை மாமன் வீட்டுக்கு அனுப்பியது. வாளியின் மூடியைக் கழற்றி, மத்தித் தலைகளைப் போட்டு, வெயிலில் வைத்தது. இரண்டே நாளில் வாளி கறுத்தது. ஈக்களை எண்ணப் பார்த்து, முடியாமல், படிவத்தில் ஏராளம் என்று எழுதியது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அழுதபடியே படமும் எடுத்து அனுப்பியது. அரைமணி நேரத்தில் எருமை வந்து பொட்டலங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே ஓணானும் வந்து, வாளி விளிம்பில் உட்கார்ந்து வயிறு நிறைய ஈ சாப்பிட்டு, புற்றுத்தெருவில் நல்ல முன்னேற்றம் என்று குறிப்பு எழுதியது.

இப்போது கீரி வீட்டில் இரண்டு வாளி. உள்ளே இருப்பது குப்பைக்கு. அது இன்றும் பளபளக்கிறது. வாசலில் இருப்பது ஆய்வாளருக்கு. நடுவில் ஒரு கொசுவலை. போன வாரம் தெருவில் புதிதாகக் குடிவந்த முயல், வாளியை நாறாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டு வந்தது. கீரி அதை உட்காரவைத்து, நாறவைப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிக்கொடுத்தது.

நீதி: குப்பை நாறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், நாறினால்தான் குப்பை என்பது அலுவலகச் சட்டம். சட்டத்தை மதிப்பவர்கள் வாளியை இரண்டாக வாங்குக.