அணையும் திரையும் அக்காவின் பால்குடமும்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிடும். என் குடும்பம் நடுங்குவது அதற்குத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. மலேசியாவில் கோலசிலாங்கூரைத் தாண்டி, செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது கோயில். அந்தக் கோயிலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாலையோரப் பிள்ளையாரிடமிருந்து பால்குடம் கிளம்பினால், கோயில் சேரும்வரை அந்தத் தோட்டத்துக்கே உரிய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே போக வேண்டும். பாட்டு நின்றால் நடையும் நிற்க வேண்டும். குடத்தை இறக்கவும் கூடாது. பல்லவியைக் கூட்டம் பாடிவிடும். சரணங்கள் நீளம், அதற்குத் தனி ஆள் வேண்டும். வழக்கமாகப் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஒரு பாட்டுதானே லா, நான் பாடிட்டுப் போறேன்" என்று ஒருவன் கை தூக்கினான். (அவன் யாரென்று ஊகித்திருப்பீர்கள்.)

அந்த வருடம் பால்குடம் எடுத்தவர் என் அக்கா. லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர், என் மாமா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்து வந்திருந்தார். அவர் தன் காலால் நடந்து கோயிலுக்கு வந்தால், நாக்கில் வேல் குத்தி, ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் குடம் எடுக்கிறேன் என்று அக்கா வேண்டியிருந்தார். மாமா நடந்து வந்துவிட்டார். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருந்தது அக்காவின் பங்கு. மாமாவுக்காக நானும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று காலையில் மொட்டை அடித்து, மீசையையும் எடுத்து, தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டேன்.

சரணங்கள் என் கைப்பேசியில் இருந்தன. என் மனைவி கலா, கெர்லிங்கிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வந்தவள், முந்தின நாளே தாளில் அச்சடித்துத் தரட்டுமா என்று கேட்டாள். தாளைப் பார்த்துப் பாடுவது அந்தக் காலத்து ஆட்களின் வேலை என்று விளக்கினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அதற்குப் பொருள் உண்டு என்பதை இத்தனை வருடத்தில் நான் கற்றிருக்க வேண்டும்.

விடிந்து பார்த்தால் கைப்பேசி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. எழுத்து மாறியிருந்தது, சின்னங்கள் எல்லாம் உருண்டையாகியிருந்தன. ஒரு சரணம் பாடிப் பார்ப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. நான் அசரவில்லை. அமைப்புகளுக்குள் நுழைந்து, திரை அணையும் நேரம் என்ற இடத்தைத் தேடிப் பிடித்து, பத்து நிமிடம் என்று வைத்தேன். பாடிப் பார்த்தேன், அணையவில்லை. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. பிள்ளையாரிடம் கிளம்பும் நேரத்தில் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பயம் வந்தது, மூளை வேலை செய்தது. பேட்டரி சேமிப்பு என்று ஒரு பொத்தான் இருந்ததா, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் தட்டிவிட்டேன்.

உறுமி முழங்கியது. அக்கா நாக்கில் வேலும் தலையில் குடமுமாக அடி எடுத்து வைத்தார். முதல் சரணம் அமர்க்களம். எனக்கே என் குரல் பிடித்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தேன். கண்ணைத் திறந்தால் திரை கறுப்பு.

பாட்டு நின்றது. உறுமி நின்றது. கூட்டமே செம்மண் சாலையில், மொட்டை வெயிலில் நின்றது.

முகத்தைக் காட்டினேன். நீ யாரென்று தெரியவில்லை என்றது கைப்பேசி. அதைச் சொல்லிக் குற்றமில்லை. நேற்றுவரை அது பார்த்தவனுக்கு முடியும் மீசையும் இருந்தன. விரலை வைத்தேன், விரலெல்லாம் சந்தனம். ரகசிய எண்ணை அழுத்தினேன். அவசரத்தில் வீட்டுக் கதவின் எண், வங்கி அட்டையின் எண், கடைசியில் பழைய மோட்டார் சைக்கிளின் எண்கூட வந்தது. கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கைப்பேசி பூட்டிக்கொண்டது.

கோயில் தலைவர் பக்கத்தில் வந்தார். "என்னாண்ணே, பாட்டு அவ்வளவுதானா?"

"அம்மனுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிறேன்" என்றேன்.

பிறகு மனப்பாடமாக இருந்த ஒரே சரணமான முதல் சரணத்தையே மறுபடி பாடினேன். கூட்டம் நகர்ந்தது. அது முடிந்ததும் இன்னொரு தரம் பாடினேன். அதில் அம்மனைச் சிங்காரித்து வாசலுக்கு அழைத்து வருகிறோம். மூன்றாவது தரம் சிங்காரித்தபோது உறுமிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவால் பேச முடியாது. ஆனால் கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் அவர் சாப்பாட்டை நான் தின்றுவிட்ட நாட்களில் வரும் அதே பார்வை. குடம் லேசாக ஆடியது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் அது என் பாவம்.

அப்போதுதான் கலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. கைப்பேசியைப் பிடுங்கினாள். தன் சேலைத் தலைப்பால் என் கட்டைவிரலைத் துடைத்தாள். பூட்டு விடும்வரை காத்திருந்து அவளே ரகசிய எண்ணைப் போட்டாள். (அது எங்கள் கல்யாண நாளாம்.) மறுபடி பூட்டிக்கொண்டால் விரலைக் கேட்டாலும் கேட்கும், தயாராக வைத்திருங்கள் என்றாள்.

"நீங்க பாடுங்க. இத நான் பாத்துக்கறேன்."

பிறகு அவள் செய்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. செருப்பில்லாத காலோடு, சுடுகிற செம்மண்ணில், எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்தாள். இரண்டு கையாலும் கைப்பேசியை, திரை இருவருக்கும் தெரியும்படி எனக்கு முன்னால் மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, திரை மங்கும் போதெல்லாம் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பள்ளம் வந்தால் கால் விரலாலேயே தடவிப் பார்த்து ஒதுங்கினாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் திரையிலும், எனக்குப் பின்னால் வந்த அக்காவின் குடத்திலும் மட்டும் இருந்தது. நான் பாடினேன். உண்மையில் நடத்திக்கொண்டு போனவள் அவள்.

கோயில் வந்தது. மாமா எழுந்து நின்று கும்பிட்டார். பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் அம்மன் தலையில் இறங்கியது. அக்காவின் நாக்கிலிருந்து பூசாரி வேலை எடுத்து, திருநீறு வைத்தார். விரதம் முடிந்து முதலில் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அக்கா எச்சில் விழுங்கிவிட்டு என்னைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, அடுத்த வருஷம் நீ கொடத்தத் தூக்கு. நான் பாடறேன்."

அக்காவுக்கு அத்தனை சரணமும் மனப்பாடமாம். சமையலறையில் பாடிப் பாடியே வந்ததாம். நான் ஒவ்வொரு முறை தடுமாறியபோதும் அடுத்த அடி அவர் நாக்கில் நின்றிருக்கிறது. அதே நாக்கில் வேலும் நின்றிருக்கிறது. இதைவிடப் பெரிய தவம் எந்தக் கோயிலிலும் நடந்திருக்காது.

சாப்பாட்டுப் பந்தியில் கலா கைப்பேசியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருந்தது. அதன் தலைக்கு மேல் பேட்டரி சேமிப்பு உட்கார்ந்துகொண்டு திரையைச் சீக்கிரம் அணைத்திருக்கிறது.

"பேட்டரி சேவர் யாரு போட்டது?"

"அப்டேட்டா இருக்கும் லா" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. சாம்பாரை மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

போன வருடம் மறுபடியும் மொட்டை, குடம் என் தலையில், வேல் என் நாக்கில். அக்கா பாடினார். கையில் தாளும் இல்லை, கைப்பேசியும் இல்லை. பாதி வழியில் உறுமிக்காரர்கள் அவர் குரலுக்குப் பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது. மாமா இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை. பிள்ளையாரிடமிருந்து கூடவே நடந்து வந்தார். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்க வழியில்லாமல், அக்கா பாடுவதைக் கேட்டபடி நடந்தேன். என் ஆயுளில் நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பக்கத்தில் வந்த கலா மட்டும் அவ்வப்போது என் மொட்டைத் தலையின் பின்பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

எதற்கு என்று பூசாரி கேட்டிருக்கிறார்.

"அணைஞ்சிரக் கூடாதுல்ல சாமி" என்றாளாம்.