மாப்பிள்ளைக்கு மட்டும் கூரை

என்னிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் அளப்பேன். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். நான் பேனாவோடு அளவு நாடாவும் வைத்திருப்பேன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருடமாகக் கிளாக்கர் வேலை. தினமும் காலையில் எவ்வளவு மழை பெய்தது என்று பார்த்துப் பதிவதும் என் பொறுப்பு. அதையே வீட்டு டயரியிலும் இன்னொரு முறை எழுதிவைப்பேன். (ஆபீஸ் பதிவேடு தொலைந்துபோனால்? இதுவரை தொலையவில்லை.)

இப்படிப்பட்ட ஒருவன்தான், பெற்ற மகளைக் கல்யாணத்தன்று கூறைச்சேலையோடு மழையில் நனையவிட்டான்.

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் ஜீப் இருந்தது. முன் இருக்கைகளுக்கு மேலே அதன் கூரை இடது, வலது என்று இரண்டு துண்டுகளாக இருக்கும். கொக்கிகளை விடுவித்தால் கையோடு வந்துவிடும். கழற்றிய துண்டுகளைப் பின் இருக்கைக்குப் பின்னால் நிறுத்தி வைக்க வேண்டும். வேறு இடம் கிடையாது.

மகள் நிவேதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை. வட்டகொடைக் கோயிலில் தாலி ஏறியதும், கூரையைக் கழற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, தலவாக்கலை மண்டபம் வரை அவளே ஜீப்பை ஓட்டிப் போக வேண்டும். மாப்பிள்ளை நோர்வூட்டில் ஆசிரியர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சம்மதித்துவிட்டார்.

"மழை வந்தா என்னங்க பண்றது?" என்றாள் என் மனைவி சரோஜா.

"கூரை கூடவே வருதே. எடுத்து மாட்டிட வேண்டியதுதான்."

"கூரை நிக்கிற எடத்துலதான பாட்டுப் பெட்டி வைக்கப் போறீங்க? ரெண்டுல எது மடியில வரும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு மூன்று நாளும் டயரியில் ஏழு பக்கமும் தேவைப்பட்டன. ஸ்பீக்கர் பெட்டியை அகலம் குறைத்து, உயரம் கூட்டிச் செய்தால், பெட்டியின் பின்புறத்திலேயே இரண்டு கூரைத் துண்டுகளையும் செருகி வைக்க ஒரு சந்து கிடைக்கும். பலகைக்கு நான் எங்கும் போகவில்லை. தேயிலை அனுப்பிய பழைய பெட்டிகளின் ஒட்டுப்பலகை ஆபீஸ் ஸ்டோரில் கிடந்தது. எங்கள் பக்கம் கோழிக்கூட்டிலிருந்து சாமி மாடம் வரை அந்தப் பலகையில்தான் செய்வோம்.

மாசி மாதம், நல்ல வெயில். பெட்டியைச் செய்து, ஹட்டனில் வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டும் சமனிடம் கொண்டுபோனேன். கூரைத் துண்டுகளைச் சந்துக்குள் செருகிக் காட்டினேன். அவர் துண்டுக்கும் பலகைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

"மாத்தயா, இது ரொம்ப டைட். அரை அங்குலமாச்சும் வுடுங்க."

"அரை அங்குலமா? கூரை உள்ளுக்குள்ள ஆடும் சமன். கடகடன்னு சத்தம் வரும். ஒரு நூல் விட்டிருக்கேன், அது போதும்." (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல்.)

"பலகை தண்ணி குடிக்கும் மாத்தயா."

"ஜீப்புக்குள்ள எங்கேருந்து தண்ணி வருது?"

சமன் என்னையும் வெளியே தெரிந்த மலையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வயரை உரிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தேன். இரண்டு துண்டுகளும் அலுமாரி இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு போயின, வந்தன. கூரையை எடுத்துப் பூட்ட ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. டயரியில் குறித்துக்கொண்டேன். என் மைத்துனர் கல்யாணத்துக்கென்று மூடிய கார் ஒன்று ஏற்பாடு செய்திருந்தார். "வேண்டாம்ப்பா, ஒரு நிமிஷம் அம்பது செக்கன்" என்று பெருமையோடு திருப்பி அனுப்பினேன். போதாததற்கு, கடந்த மூன்று வருடமும் கல்யாணத் திகதியில் மழை பெய்யவில்லை என்று டயரியைத் திறந்து காட்டினேன்.

சரோஜா டயரியைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

கல்யாணம் வைகாசியில். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் விடாத பனிமூட்டம். வீட்டில் துவைத்த துணி காயவில்லை, உப்பு நீர்த்துப்போனது, கதவு சாத்த முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். ஜீப்பில் இருந்த பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

அன்று மட்டும் வெயில் பளிச்சென்று அடித்தது. தாலி ஏறியது. கூரையைக் கழற்றினேன். துண்டுகள் சந்துக்குள் போகக் கொஞ்சம் முரண்டு பிடித்தன. முழங்காலால் தள்ளினேன். போய்விட்டன. (வாழ்க்கையில் முழங்காலால் தள்ள வேண்டிய எதையும் உள்ளே தள்ளக் கூடாது என்று இப்போது தெரிகிறது.) நிவேதா ஓட்டினாள், இடதுபக்கம் மாப்பிள்ளை, பின் இருக்கையில் கூரைக்குப் பொறுப்பாளனாக நான். சரோஜா மாப்பிள்ளை வீட்டாரோடு கோயிலில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, கொஞ்சம் பிந்தி வேனில் வருவதாக இருந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம். தவில் அடி ஒவ்வொன்றும் என் முதுகில் விழுந்தது.

பாதி வழியில், தேயிலை மலைக்கு நடுவே, முதல் துளி என் கண்ணாடியில் விழுந்தது.

"நிறுத்தும்மா. ஒரு நிமிஷம் அம்பது செக்கன்" என்று குதித்து இறங்கினேன்.

முதலில் இருந்தது இடது துண்டு. இழுத்தேன். வரவில்லை. மாப்பிள்ளையும் வந்து பிடித்தார். பெரிய முனகலோடு வந்தது. அதை அவருடைய இருக்கைக்கு மேலே பூட்டினேன். வலது துண்டு அசையவே இல்லை. மழையோ துளியிலிருந்து தாரையாகிவிட்டது. ஸ்பீக்கர் பெட்டியையே கழற்றலாம் என்றால், அதை நான் பன்னிரண்டு திருகாணி போட்டு முறுக்கியிருந்தேன். திருப்புளி வீட்டில், அதற்குரிய இடத்தில், ஒழுங்காக இருந்தது.

"இடது கூரையை வலதுபக்கம் மாட்டலாமாப்பா?" என்று தவில் சத்தத்துக்கு மேலே கத்தினாள் நிவேதா.

"வளைவு மாறும்மா! பொருந்தாது!"

"அப்ப நான் இந்தப் பக்கம் ஒக்காரவா?"

"யாரும்மா ஓட்டுறது?"

எனக்கும் ஓட்டத் தெரியும். அது அப்போது எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை என்பதை இங்கே நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. "மாமா, என் பக்கத்தையும் கழட்டிடுங்க. ரெண்டு பேரும் சேந்தே நனையிறோம்."

எவ்வளவு அருமையான பேச்சு! ஒரு தகப்பன் கண் கலங்க வேண்டிய இடம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கழட்டலாம் மாப்பிள்ளை. ஆனா உள்ள போனா திரும்ப வெளிய வராது."

அதோடு விட்டேனா? எங்கே பிசகியது என்று பார்க்க டயரியை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் கொழுந்து முற்றிவிடும் என்று அன்றும் மலையில் ஆட்கள் இருந்தார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் ரோட்டுக்கே இறங்கி வந்துவிட்டார்கள்.

"கிளாக்கரையா, புள்ளைய நனைய விட்டுட்டு அங்க என்னத்தப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் முன்னால் வந்த அம்மா. தன் இடுப்பில் கட்டியிருந்த நீல பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து, நிவேதாவின் தலையோடு போர்த்தி, கழுத்தில் ஒரு முடிச்சும் போட்டார். "இப்ப ஓட்டு தாயி."

தலவாக்கலை மண்டப வாசலில் ஆலத்தித் தட்டோடு நின்றவர்கள் கண்ட காட்சி இது: சொட்டு நீர் படாமல் கூரைக்குக் கீழே மாப்பிள்ளை, பக்கத்தில் வானத்துக்குக் கீழே, கொழுந்து ஒட்டிய படங்குக்குள் மணமகள், பின்னால் நனைந்த டயரியோடு நான்.

வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அக்கா ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எங்க தம்பிக்குச் சீதனம் கேக்கலன்னு சொன்னோம். இருந்தாலும் ஒரு கூரையக் குடுத்துட்டாங்கப்பா!"

நிவேதாதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சரோஜா என்னோடு பேச அடுத்த நாளாயிற்று. பேசிய முதல் வாக்கியம், "உப்பு நீர்த்தத எழுதத் தெரிஞ்சுதுல்ல?"

ஈரம் குடித்து உப்பியிருந்த பெட்டியைக் கழற்றி, கவ்விய கூரையோடு அப்படியே அடுப்படியில் காய வைத்தேன். மறுவீட்டு விருந்தன்று நிவேதாவும் மாப்பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம். வலது கூரை தானாகக் கழன்று விழுந்திருந்தது. டயரியில் நேரத்தோடு எழுதினேன். சாயங்காலம் பார்த்தால், அந்த வரிக்குக் கீழே நிவேதாவின் கையெழுத்து: "ரொம்ப சந்தோசம்ப்பா. கல்யாணம் முடிஞ்சு போச்சு."

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. கோப்பை கழுவுவது யார், மார்க்கெட்டுக்குப் போவது யார் என்று பேச்சு வந்தால், "கூரைக்குக் கீழ ஒக்காந்து வந்த ஆளுதான்" என்பாள் நிவேதா. மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் எழுந்து போவார். ஜீப்பும் அவர்களிடமே போய்விட்டது. கூரையை வைக்கச் செய்த சந்தில் இப்போது ஒரு நீலப் படங்கு மடித்து வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் பேரனுக்குக் கட்டில் செய்ய அளவெடுக்கப் போனேன். நாடாவை நீட்டியதுமே மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "மெத்தைய உள்ள வச்சா வெளிய வருமா மாமா?"

வரும். சுற்றிலும் சரியாக, சமன் சொன்ன அரை அங்குலம் விட்டிருக்கிறேன். டயரியில் மட்டும் ஒரு நூல் என்று எழுதி வைத்திருக்கிறேன். சமன் எப்போதாவது புரட்டிப் பார்த்துவிட்டால்?